புதுப்பிப்பு: பழைய சி நிரலில் தேவையற்ற ஹெடர்களை நீக்கிய கதை

கங்கைகொண்டானில் நாங்கள் பராமரிக்கும் பெரிய சி நிரல்தொகுப்பில் ஒரு ஹெடரை (பல கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புக் கோப்பை) தொட்டாலே பாதிக் கோப்புகள் மறுபடியும் கம்பைல் ஆகின்றன, வேண்டாத இன்க்ளூடுகளை (ஹெடரை உள்ளே இழுக்கும் வரிகளை) எப்படிக் களைவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்ன வழிதான். எந்தக் கோப்புக்கு எந்த ஹெடர் தேவை என்று சொல்லும், கிளாங் கம்பைலரை அடிப்படையாகக் கொண்ட ‘இன்க்ளூட் வாட் யூ யூஸ்’ கருவியை ஓட்டி, அதன் பரிந்துரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல் கோப்பு கோப்பாகச் சரிபார்த்து, ஒரு ஸ்ட்ரக்டுக்கான பாயின்டர் (நினைவக முகவரி) மட்டுமே வரும் இடங்களில் ஹெடரை எடுத்துவிட்டு அந்த ஸ்ட்ரக்டின் முன்னறிவிப்பை (பெயரை மட்டும் சொல்லும் வரியை) வைத்தோம். இப்போது அந்த ஹெடரைத் திருத்தினால், அதை உண்மையிலேயே பயன்படுத்தும் கோப்புகள் மட்டுமே கம்பைல் ஆகின்றன.

எதிர்பாராதது ஒன்று உண்டு. அமைப்புத் தேர்வுகளை வைத்திருக்கும் கான்ஃபிக் ஹெடரில் உள்ள ஒரு மேக்ரோ (பெயரிட்ட வரையறை), கருவியை ஓட்டிய பில்டில் வரையறுக்கப்படாததால், அந்த ஹெடரே வேண்டாம் என்றது கருவி. நீக்கியபின் அந்த மேக்ரோ தேவைப்படும் மற்றொரு பில்டில், அது வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டுமே கம்பைல் ஆகும் ‘இஃப்டெஃப்’ பகுதி முழுவதும் ஒரு பிழைச்செய்தியும் இன்றி மறைந்துபோனது. (இந்த வகைக் கோளாறுதான் ஆளைக் கொல்லும்.) அந்த இன்க்ளூடைத் திரும்ப வைத்து, இதை நீக்காதே என்று கருவிக்குச் சொல்லும் ‘கீப்’ பிராக்மா குறிப்பை அதே வரியில் சேர்த்தோம்.

ஹெடரை நீக்கும்போது அதிலுள்ள ஃபங்ஷன் அறிவிப்பும் போய்விடலாம். அறிவிக்கப்படாத ஃபங்ஷன் அழைப்பை ஜிசிசி கம்பைலரின் 14ஆம் பதிப்பு தானாகவே பிழையாகக் கொள்கிறது. இதற்கு எச்சரிக்கை மட்டுமே தரும் பழைய பதிப்பு வைத்திருப்போர் அந்த எச்சரிக்கையைப் பிழையாக மாற்றிக்கொண்டே இந்த வேலையில் இறங்க வேண்டும்.