மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பழைய பெட்டிதான் ரூட்: ஸ்பேனிங் ட்ரீ அனுபவப் பகிர்வு

கோர்ரேக்:
கேபிள்கள் வட்டமாகச் சுற்றி லூப் ஆகாமல் மிச்ச வழியை மூடி வைப்பதுதான் ஸ்பேனிங் ட்ரீ. அதற்கு மையமாக ஒரு சுவிட்ச், அதாவது ரூட், தேர்வாகும்; பிரயாரிட்டி எண் குறைந்ததே ஜெயிக்கும். எதையும் தொடாமல் மாட்டிய சுவிட்சுகளில் எல்லாம் பிரயாரிட்டி 32768. சமம் என்பதால் மேக் முகவரி (தயாரிப்பிலேயே பதிந்த எண்) குறைந்தது ஜெயிக்கும். ஒரே கம்பெனி மாடல்களில் அது பெரும்பாலும் பழைய பெட்டிதான். தூசி படிந்த 100 எம்பி சுவிட்ச் ஒன்று ரூட் ஆகிவிட்டது, இரண்டு கோரும் (நெட்வொர்க்கின் நடுவில் இருக்கும் பெரிய சுவிட்சுகள்) அதனோடு இணைந்திருக்கின்றன என்று வையுங்கள். கோருக்குக் கோர் 10 ஜிபி கேபிள் நேராகவே இருக்கும். ஆனால் ரூட்டுக்குப் போக 100 எம்பி வழியின் காஸ்ட் (செலவு எண், குறைவான வழியே தேர்வாகும்) 19; பக்கத்துக் கோர் வழியாகப் போனால் 2+19=21. ஆகவே 10 ஜிபி கேபிள் பிளாக்! கோருக்கு இடையிலான டிராபிக் முழுக்க அந்தப் பழைய பெட்டிக்குள் புகுந்து வரும். பிங் சரியாகப் போவதால் யாருக்கும் சந்தேகம் வராது, ஃபைல் காப்பி மட்டும் ஊர்ந்துபோகும்.

இதைத் தவிர்க்க, சிஸ்கோவில் முதல் கோரில் "ஸ்பேனிங்-ட்ரீ விலான் 1,10,20 பிரயாரிட்டி 4096", இரண்டாவதில் 8192 (விலான் என்பது ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்). 4096-இன் மடங்கைத்தான் ஏற்கும். விலான் 10-க்கு 4106 என்று காட்டினால் பதற வேண்டாம், விலான் எண்ணைக் கூட்டிக் காட்டுகிறது. "ரூட் பிரைமரி" என்று அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை; அடித்த நேரத்து நிலவரத்தைப் பார்த்து ஒரு எண்ணைப் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடும். வேலை நேரத்தில் மாற்றாதீர்கள். மாற்றியபின் "ஷோ ஸ்பேனிங்-ட்ரீ ரூட்" பாருங்கள்: ரூட் சுவிட்சில் காஸ்ட் 0, ரூட் போர்ட் காலி.

போர்ட்24:
ரேபிட் மோட் (வேகமான ஸ்பேனிங் ட்ரீ) போட்டால் போர்ட்ஃபாஸ்ட் (பிசி போர்ட்டைக் காத்திருக்காமல் திறக்கும் அமைப்பு) தேவையில்லை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தப்பு. எதிர்முனையில் சுவிட்ச் இருந்தால்தான் கைகுலுக்கி உடனே திறக்கும். பிசிக்கு அந்தப் பேச்சு தெரியாது, அதனால் பழைய 15+15 நொடிக் காத்திருப்புதான். அதற்குள் டிஹெச்சிபியிடம் (ஐபி முகவரி தருவது) கேட்டு ஓய்ந்து, தானே போட்டுக்கொண்ட 169.254 முகவரியோடு உட்கார்ந்திருக்கும். இன்னொன்று: போர்ட்ஃபாஸ்ட் இல்லாத போர்ட் ஒவ்வொன்றும் மேலே வரும்போது டோபாலஜி சேஞ்ச் (வழி மாறியது என்ற அறிவிப்பு) கிளம்பி, மேக் டேபிள் (எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல்) துடைக்கப்படும். காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் முழுக்க பிசி ஆன் ஆகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

லூப்பு:
போர்ட்ஃபாஸ்ட் போட்ட கையோடு பிபிடியு கார்டும் போடணும். பிபிடியுன்னா ஸ்பேனிங் ட்ரீக்காக சுவிட்சுங்க அனுப்பிக்கிற செய்தி; அது பிசி போர்ட்ல வந்தா கார்டு போர்ட்டை மூடிடும். மீட்டிங் ரூம்ல ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் சுவர்ல சொருகிட்டுப் போவாங்க, ஐபி ஃபோனோட ரெண்டு போர்ட்டையும் சுவர்ல குத்துவாங்க. கார்டு இருந்தா போர்ட் எர்-டிசேபிள் (தானா மூடிக்கும்), வேற எவனுக்கும் பாதிப்பில்ல. தானா மீளணும்னா "எர்டிசேபிள் ரெகவரி காஸ் பிபிடியுகார்ட்", டிஃபால்ட் 300 நொடி. கேபிளை எடுக்கலன்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை விழுந்து விழுந்து எழும், அது நல்லதுதான், லாக்ல பளிச்னு தெரியும்.

பிபிடியு ஃபில்டர மட்டும் இன்டர்ஃபேஸ்ல போட்டுடாதீங்க. அனுப்பவும் செய்யாது, வாங்கவும் செய்யாது, லூப் வந்தா காவலே இல்ல. மேசைக்கடியில இருக்குற சில குட்டி சுவிட்ச் பிபிடியுவை முழுங்கிடும். அங்க கார்டும் குருடுதான். அதுக்கு "ஸ்டார்ம்-கண்ட்ரோல் பிராட்காஸ்ட் லெவல் 1.00", கூடவே "ஆக்ஷன் ஷட்டவுன்". ஆக்ஷன் விட்டுட்டா அதிகப்படி பிராட்காஸ்ட்டை (எல்லாருக்கும் போற பாக்கெட்) மட்டும் வெட்டும், லூப் அப்படியே சுத்தும்.

கோர்ரேக்:
வேறு கம்பெனி சுவிட்சைச் சேர்த்தால் காஸ்ட் கணக்கையும் பாருங்கள். பழைய முறையில் 1 ஜிபிக்கு 4, புதியதில் 20000. கலந்து கிடந்தால் எந்த வழி திறக்கும் என்று ஊகிக்கவே முடியாது. புதிய முறைக்கு மாற்ற, சிஸ்கோவில் "ஸ்பேனிங்-ட்ரீ பாத்காஸ்ட் மெத்தட் லாங்".

போர்ட்24:
டோபாலஜி சேஞ்ச் ஓயாமல் வந்தால் "ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீடெய்ல்" அடித்து, எண்ணிக்கைக்குப் பக்கத்தில் கடைசியாக எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். அந்தப் போர்ட்டில் இருக்கும் சுவிட்சுக்குப் போய் அதையே அடியுங்கள். அப்படியே பிடித்துக்கொண்டு போனால் போர்ட்ஃபாஸ்ட் விட்டுப்போன பிரின்டர் ஒன்றிலோ, ஆடும் எஸ்எஃப்பி (கேபிள் சொருகும் மாட்யூல்) ஒன்றிலோ போய் நிற்கும்.