குச்சிக்கிழங்கும் திப்பியும் கோழிக்கு: எவ்வளவு, எப்படி?

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

மஸ்கட்டிலிருந்து தம்பி கேட்டிருந்த கேள்வி நம்மில் பலர் வீட்டில் எழுந்திருக்கும். கிழங்கு விலை சரிந்துகிடக்கிறது, மக்காச்சோளம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, நாட்டுக்கோழிகளுக்குக் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைப் போட்டுச் சமாளிக்கலாமா என்று அம்மா கேட்கிறாராம். தாராளமாகப் போடலாம். ஆனால் கிழங்கை மட்டுமே போட்டு வளர்க்கலாம் என்று நினைத்தால் முட்டை குறைந்து, கோழியும் இளைத்துவிடும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காய்ந்த கிழங்கில் இருப்பதெல்லாம் மாவுச்சத்து. மக்காச்சோளத்தில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு புரதம் உண்டு. கிழங்கில் இரண்டு, மூன்று பங்குதான். ஆகவே இரண்டு கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு இரண்டு கிலோ கிழங்கைக் கொட்டினால் கணக்கு உதைக்கும். 1.7 கிலோ கிழங்குத் தூளோடு 300 கிராம் கடலைப் புண்ணாக்கைச் சேர்த்தால் புரதம் ஏறக்குறைய சரியாகிவிடும். பத்துக் கிலோ தீவனத்தில் இந்த அளவுக்கு மேல் கிழங்கு வேண்டாம். புண்ணாக்கில் மெத்தியோனின் என்ற புரதக் கூறு குறைவு. அதை ஈடுகட்ட உப்பில்லாத கருவாட்டுத் தூள் ஒரு கைப்பிடி போடச் சொல்லுங்கள். உப்புக் கருவாடு கோழிக்கு ஆகாது. குஞ்சுகளுக்குக் கரையானைவிட நல்ல தீனி இல்லை. பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் மொய்த்திருக்கும். நம் பாட்டிமார் செய்துவந்ததுதான் இது.

அடுத்தது நஞ்சு. கிழங்குத் தழையை மேய்ந்து ஆடு செத்த கதை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதே சயனைடு கிழங்கிலும் இருக்கிறது, சதையைவிடத் தோலில் அதிகம். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் ரகங்கள் பெரும்பாலும் வீட்டில் அவித்துத் தின்னும் ரகங்களைவிடக் கசப்பானவை. ஆகையால் சீவிய பச்சைத் தோலைக் கோழிக்கூண்டுப் பக்கம் கொட்டவே கூடாது. கிழங்கைச் சீவினாலோ இடித்தாலோ உள்ளிருக்கும் நொதி வேலை செய்து நஞ்சு ஆவியாக வெளியேறத் தொடங்கும். மீதியில் பெரும்பகுதியை வெயில் போக்கும். இந்த நஞ்சைச் செரித்து வெளியேற்றவும் கோழியின் உடம்பு கந்தகம் உள்ள மெத்தியோனினைத்தான் செலவழிக்கிறது. கருவாட்டுத் தூளை விட்டுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கிழங்கை வில்லையாகச் சீவி வெயிலில் காயவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வில்லையை எடுத்து ஒடித்தால் அப்பளம் போல் படக்கென்று ஒடிய வேண்டும், ஒடிந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். கறுப்போ பச்சையோ படர்ந்த வில்லையைக் கழுவி, மறுபடி காயவைத்துப் போடும் வேலை வேண்டாம். பூசண நஞ்சு வெயிலில் போகாது, எருக்குழிக்குத்தான் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடுங்கும் கிழங்கைக் கோழிக்கென்று காயவைக்க முயலாதீர்கள். தை பிறந்த பிறகு வெயில் நம் பக்கம்.

திப்பியைப் பற்றியும் தம்பி கேட்டிருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது; அன்றுமுதல் கிழங்கை அரைத்து மாவுப் பாலை வடித்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. மாடுகளுக்குப் போய்க்கொண்டிருப்பதும் அதுதான். நிறைய நீரில் அலசி வருவதால் நஞ்சு குறைவு, மாவும் கணிசமாகத் தங்கியிருக்கும். ஆனால் நார் அதிகம், புரதம் கிழங்கைவிடவும் சொற்பம். வளர்ந்த கோழிக்குப் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ளலாம், குஞ்சுகளுக்கு வேண்டவே வேண்டாம். ஈரத் திப்பி அன்றைக்கே புளித்துவிடும். களத்தில் நன்றாகக் காய்ந்ததை மட்டும் வாங்கச் சொல்லுங்கள்.

கிழங்கு சேர்த்தால் மஞ்சள் கரு வெளுக்கும். பயப்பட ஒன்றுமில்லை, மக்காச்சோளத்தின் நிறமி கிழங்கில் கிடையாது, அவ்வளவுதான். நன்றாக உலர்த்திப் பொடித்த கிழங்குத் தழையை நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் கலந்தால் நிறம் திரும்பும். அல்லது முருங்கைக் கீரை போதும், அதில் நஞ்சுக் கவலையும் இல்லை. கிழங்குத் தூள் பறக்கும், கோழிக்கு மூக்கை அடைக்கும். போடும் நேரத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறிக்கொள்ளலாம். சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு எதுவானாலும் வேகவைத்துப் போடவும்.

நம் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் அம்மாக்களும் பெரியம்மாக்களும் அரிவாள்மனையில் உட்கார்ந்து மூட்டை மூட்டையாகக் கிழங்கு சீவ முடியாது. கையால் சுற்றும் சீவல் இயந்திரம் ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்கி, பால் சொசைட்டித் திண்ணையில் வைத்தால் தெருவே பயன்படுத்தும். ஊரில் இருக்கும் பொறுப்பாளர் அண்ணன் ராசிபுரத்தில் விலை விசாரித்து எழுதினால் என் பங்கை உடனே அனுப்புகிறேன். தைக்குள் வந்துவிட்டால் இந்தப் பருவக் கிழங்குக்கே உதவும்.