கிருமிக்கு மருந்து, லிம்போமாவுக்கும் அதுவே: வன்னியில் பார்த்தவற்றை எழுதுங்கோ

இரணைமடுக்காரன்
வயிற்று மோல்ட் லிம்போமா (நிணநீர்க் கலங்களில் வரும் ஒருவகைப் புற்றுநோய்), எச். பைலோரி (வயிற்றில் தங்கும் கிருமி) உண்டு. பயொப்சி (இழையத் துண்டு எடுத்துப் பார்ப்பது) அப்படி வந்த கிளிநொச்சி ஐயா ஒருவர், கீமோவுக்கென்று உடுப்புப் பையோடு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் கிடைத்தது 14 நாள் குளிசை: வயிற்று அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் 20 மி.கி., கிருமிகொல்லிகளான அமொக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மி.கி., மூன்றும் காலையும் இரவும். மருந்துத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தொண்டை நோவுக்குத் தாறதல்லோ தம்பி?" அந்தக் கேள்வி இன்னும் காதுக்குள்ள நிற்குது.

வவுனியா ஆய்வுகூடம்
இதைப் படிச்சிட்டு எல்லாரும் குளிசையோடு நிற்கப் போகினம். வயிற்றுச் சுவரில் இயல்பாக நிணநீர் இழையம் இல்லை. கிருமி வருடக்கணக்காக இருந்தால்தான் அது உருவாகும். கிருமியை அறிந்த ரீ கலங்கள் தூண்டத் தூண்டப் பீ கலங்கள் (இரண்டும் வெள்ளை இரத்தக் கலங்கள்) பெருகும், அந்தப் பெருக்கம்தான் லிம்போமாவாகும். கிருமி போனால் தூண்டுதலும் போகும். 1993இல் லண்டன் நோயியலாளர் ஐசாக்சனின் குழு மருந்து கொடுத்த 6 பேரில் 5 பேருக்குக் கட்டி பின்வாங்கியது இதனால்தான். ஆனால் கட்டியின் கலங்களில் 11, 18ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றியிருந்தால் கட்டி தூண்டுதல் இல்லாமலே வளரும், குளிசைக்கு அனேகமாக மசியாது.

நான் மறக்காதது ஒரு பயொப்சித் துண்டு. லிம்போமா தெளிவு, கிருமியைக் காணேல்லை. கிளினிக் கொப்பியைப் பிரட்டினால் பார்மசியில் வாங்கின ஒமிப்ரசோல் மாதக்கணக்கில்! அது கிருமியை ஒளித்துவிடும். இரத்தத்தில் கிருமிக்கெதிரான பிறபொருளெதிரி பார்த்தபோது பிடிபட்டது.

மடு றோட்
வயிறு மட்டும்தானோ? கண்ணிமைக்குள் சமன் மீன்சதை போல இளஞ்சிவப்புத் தடிப்பு, பயொப்சியில் மோல்ட். கிளமிடியா சிற்றசி என்ற கிருமி காரணமாகலாம், அது பறவைகளில் இருந்து வரும் என்று யாரோ சொல்ல, வீட்டுக்காரர் அன்றைக்கே கிளியைத் திறந்து விட்டிட்டினம். பிள்ளை வெறுங்கூட்டைப் பிடிச்சபடி நிண்டது. 2004இல் அந்தக் கிருமிக்கும் கண் லிம்போமாவுக்கும் உள்ள தொடர்பைச் சொன்னது இத்தாலியில். வேறு பல நாடுகளில் அது அவ்வளவாகக் கிடைக்கவில்லை. அந்தக் கிருமிக்கு டொக்சிசைக்கிளின் 100 மி.கி. இரண்டு வேளை, 3 கிழமை கொடுத்துப் பார்ப்பதுண்டு.

முல்லை மருந்தாளர்
மடு றோட், கிளியில் பிழையில்லை. டொக்சியைப் பற்றி எழுதியிருக்கலாம்: நிமிர்ந்திருந்து நிறையத் தண்ணியோடு விழுங்கோணும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடும் இரும்புக் குளிசையோடும் எடுத்தால் உறிஞ்சப்படுவது குறையும். வயல் வெயிலில் தோல் எரியும்.

கிளாரித்ரோமைசின் துண்டோடு வருபவர் கொழுப்புக்குச் சிம்வாஸ்டட்டின் போடுறவரோ என்று கேளுங்கோ. சேர்ந்தால் தசை சிதையலாம். அந்த 14 நாளும் சிம்வாஸ்டட்டினை நிறுத்தச் சொல்லி எழுதுவினம். நீரிழிவுக்குக் கிளிபென்கிளமைட் எடுப்பவருக்குச் சீனி சடாரென்று இறங்கலாம். ஐந்தாம் நாள் வயிற்றெரிவு குறைஞ்சதும் குளிசையை நிறுத்துவினம் பாருங்கோ, அதுதான் பெரிய தலையிடி. மிஞ்சுற கிருமி கிளாரித்ரோமைசினுக்கு அசையாமல் போகலாம், பிறகு மூன்றுக்குப் பதில் நாலு மருந்து.

குளிசை முடித்து 4 கிழமை கழித்து, ஒமிப்ரசோலை 2 கிழமை நிறுத்தி, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்தால்தான் கிருமி போனதோ என்பதற்கு விடை சரி. கட்டியோ மெதுவாகத்தான் கரையும். வளராமல் நின்றால் 12 மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள், ஸ்கோப் (வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது) மட்டும் தவறக்கூடாது.

இரணைமடுக்காரன்
ஐயாவின் கொப்பியில் சிம்வாஸ்டட்டின் இருந்தது. துண்டில் அதை வெட்டியிருந்தார்கள்.