முகநூலில் அரசியல் பேசும் இளையோருக்குத் தம் வட்டாரம் தெரியாதது ஏன்?

உவர்மலை ஆசிரியர்:
உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். தமிழகத்தில் 2024இல் நடிகர் விஜய் தொடங்கிய கட்சியின் கொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது, யானையையும் வாகைப்பூவையும் ஒரே குரலில் சொன்ன மாணவர்கள், தம் வீடு உள்ளூராட்சித் தேர்தலின் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்றதும் மௌனமானார்கள். இவர்களுக்கு அரசியலில் அக்கறையில்லை என்று சொல்ல மாட்டேன். இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தலின்போது இடைவேளை முழுவதும் டிக்டொக் காணொளிகளை வைத்தே விவாதித்தார்கள். சமூக ஊடகம் இவர்களை அரசியலுக்குள் அழைத்து வருகிறதா, வாசலிலேயே நிறுத்திவிடுகிறதா?

மூதூர்க்காரன்:
ஐயா, வாசலில் நிறுத்துகிறது என்று முடிவுகட்டினால் 2022ஐ என்ன செய்வது? ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கிய காலையில், என் தம்பி தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி ஒன்றை நிறுவி, அதை வாப்பாவின் போனுக்கும் போட்டுக் கொடுத்தான். அன்று பிற்பகலே தடை நீங்கியது, சில நாட்களில் கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்கள் எழுந்தன, ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகினார். ஆனால் அதே ஊடகம்தான் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது வெறுப்பையும் பரப்பியது என்பதால், அதை மெச்சிக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. ஒருவர்மீதான கோபம் ஒரே இரவில் நாடெங்கும் பகிரப்படுகிறது. எங்கள் ஒழுங்கையில் அடைபட்ட வடிகானின் படத்துக்குப் பதினொரு விருப்பங்கள், அவற்றில் நான்கு என் வீட்டாருடையவை.

நிலாவெளி வாசகி:
வடிகானுக்கு முன்பே கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில், வேட்புமனுவில் நூற்றுக்கு 25 பேர் 35 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியால்தான் என்னை வேட்பாளராக்கக் கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். என் படத்தைப் பதிவேற்றிய அன்றிரவு, என் கொள்கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சேலையைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் எழுதியவற்றை அம்மா வாசித்துவிட்டு, படத்தை எடுத்துவிடச் சொன்னார். கட்சிக்காரரும் அதையே சொன்னார், எழுதியவர்களிடம் ஒரு வார்த்தையும் பேசாமல். அந்தப் பின்னூட்டங்களைப் பார்த்த தோழிகள் இருவர் இனி இந்தப் பக்கமே வரமாட்டோம் என்கிறார்கள்.

தோற்றேன். ஆயினும் பிரசாரத்துக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழு கலையவில்லை. எரியாத தெருவிளக்கின் கம்ப இலக்கத்தைப் படமெடுத்து அதில் போடுகிறார்கள். நான் எழுத்தில் தொகுத்துப் பிரதேச சபையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் பிரதியைத் திரும்பக் குழுவில் போடுகிறேன். படம் அனுப்புவோரில் பாதிப்பேர் இன்னும் வாக்குரிமை பெறாத பள்ளிப் பிள்ளைகள்.

உவர்மலை ஆசிரியர்:
தங்கச்சி, பெயர்களை மறைத்து அந்த முத்திரையிட்ட பிரதிகளில் ஒன்றை அனுப்ப முடியுமா? அடுத்த பாடத்தில் கொடியைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாக, அதை வகுப்பில் வைத்து, அவரவர் வட்டாரத்தில் யாரிடம் கொடுப்பது என்று தேடிவரச் சொல்லப்போகிறேன்.