புதுப்பிப்பு: ஆய்வுரை ஸ்லைடுகள், ஒரு திருத்தம்

15 நிமிட ஆய்வுரைக்கு 15 ஸ்லைடு என்று போன வாரம் எழுதியிருந்தேன். திருத்திக்கொள்ளுங்கள்: கேள்விகளுக்கே 3 நிமிடம் போய்விடும், 10 ஸ்லைடு போதும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர் ஃபுளோரைடு ஆய்வுகளில் பெரும்பாலும் சொதப்புவது அட்டவணைதான். 40 கிணறுகளின் ஃபுளோரைடு அளவுகளை ஒரே ஸ்லைடில் திணித்தால் கடைசி பெஞ்சுக்கு எறும்பு ஊர்வதுபோல்தான் தெரியும். பட்டை வரைபடமாக்குங்கள், குடிநீருக்கான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். எந்தக் கிணறு தாண்டுகிறது என்று நீங்கள் வாய் திறக்கும் முன்பே புரிந்துவிடும். எழுத்து 24 புள்ளிக்குக் குறைய வேண்டாம்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, அரங்கக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். யூனிகோடில் அடித்து, பென்டிரைவில் பிடிஎஃப் நகலும் வையுங்கள். அதில் அனிமேஷன் ஓடாது, ஓடாததும் நல்லதுதான்.