மருத்துவமனைக் கப்பலில் ஏறியவர்களின் இடத்தை யார் நிரப்பினார்கள்?

கேள்வி: செவிலியர் மாணவி

வணக்கம். இறுதி ஆண்டுக் கட்டுரைக்காகப் போர்க்கால மருத்துவப் பணியாளர் ஒதுக்கீட்டைப் பற்றிப் படித்து வருகிறேன். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது; அமெரிக்கக் கடற்படையின் மருத்துவமனைக் கப்பலான ‘கம்ஃபர்ட்’ ஆகஸ்ட் 11 அன்றே பால்டிமோரிலிருந்து புறப்பட்டுவிட்டது. சில நாள்களில் ஓக்லாந்திலிருந்து ‘மெர்சி’யும் கிளம்பியது. ஒவ்வொன்றிலும் 1,000 படுக்கைகளும் 12 அறுவை அரங்குகளும் உண்டு. இவற்றுக்கு வேண்டிய மருத்துவர்களும் செவிலியர்களும் இவ்வளவு விரைவாக எங்கிருந்து வந்தார்கள்? அவர்கள் அதுவரை கவனித்துவந்த நோயாளிகள் என்ன ஆனார்கள்?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற மருத்துவமனை நிர்வாகி

தங்கள் இரண்டாவது கேள்விதான் முதன்மையானது. எண்ணெய்க் கப்பல்களாக இருந்து மாற்றியமைக்கப்பட்ட இவ்விரண்டும் அமைதிக்காலத்தில் மிகச் சிறிய குழுவுடன் துறைமுகத்தில் நிற்பவை. ஆணை வந்தால் 5 நாள்களில் புறப்பட ஆயத்தமாக வேண்டும் என்பது விதி. கப்பலைச் செலுத்துவோர் குடிமக்களான மாலுமிகள். மருத்துவப் பணியாளர்களோ கரையிலுள்ள கடற்படை மருத்துவமனைகளில் அன்றாடம் வேலை செய்துகொண்டிருப்பவர்கள். கம்ஃபர்ட்டுக்குப் பெரும்பாலோர் வாஷிங்டன் அருகிலுள்ள பெதஸ்டா கடற்படை மருத்துவமனையிலிருந்தும், மெர்சிக்கு ஓக்லாந்து கடற்படை மருத்துவமனையிலிருந்தும் சென்றார்கள்.

அந்த மருத்துவமனைகளில் விழுந்த பள்ளத்தை நிரப்பச் சேமப்படையினர், அதாவது தேவைப்படும்போது மட்டும் பணிக்கு அழைக்கப்படும் படையினர், அழைக்கப்பட்டார்கள். ஆனால், சேமப்படை மருத்துவர் என்பவர் வீட்டில் சும்மா இருப்பவர் அல்லர்; ஏதோ ஓர் ஊரின் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுப்பவராகவோ, இரவுப் பணிச் செவிலியராகவோ இருப்பவர். ஆகவே கடற்படையின் பற்றாக்குறை மறையவில்லை, ஊர் மருத்துவமனைக்கு இடம் மாறியது. பல ஆண்டுகள் பணிப்பட்டியல் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: கப்பலிலுள்ள படுக்கைகளை எண்ணுவோர், கரையில் ஆளில்லாமல் மூடப்படும் படுக்கைகளையும் அதே தாளில் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். அமெரிக்க மரைன் படைக்குச் சொந்த மருத்துவர்கள் கிடையாது. அவர்களுடன் களத்தில் செல்லும் மருத்துவ உதவியாளர்களும் கடற்படையினரே. கப்பல்கள், சவூதியின் ஜுபைல் பகுதியில் அமைத்த கரை மருத்துவமனை, மரைன் பிரிவுகள் ஆகிய எல்லாமே ஒரே கிணற்றில் இறைத்தன.

மறுமொழி 2: கடல் வரலாற்று வாசகர்

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்துப் போரையும் தாங்கள் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளி மாணவர்களுடன் மத்தியதரைக் கடலில் சுற்றுலா சென்றுகொண்டிருந்த ‘உகாண்டா’ என்னும் பயணிகள் கப்பலை பிரிட்டன் எடுத்துக்கொண்டு, ஜிப்ரால்டரில் ஹெலிகாப்டர் தளம் பொருத்தி மருத்துவமனையாக்கியது. அதில் சுமார் 40 கடற்படைச் செவிலியர்கள் பணியாற்றினர். ஜூன் 8 அன்று ‘சர் கலஹாட்’ கப்பல் குண்டுவீச்சில் எரிந்தபோது தீக்காயமுற்ற வீரர்கள் பெருமளவில் வந்து சேர்ந்தனர். தீக்காயப் பராமரிப்பு எவ்வளவு ஆள்பலத்தை விழுங்கும் என்பதைச் செவிலியரான தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மனத்தில் நிற்பது வேறொரு செய்தி: ராயல் மரைன்ஸ் பேண்டு வாத்தியக் குழுவினர் தூக்குக்கட்டில் சுமப்பவர்களாகப் பணியாற்றினார்கள். காயமுற்றோரை ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிப் படுக்கைக்குக் கொண்டுசெல்லப் பயிற்சி பெற்ற செவிலியரைச் செலவிடாமல், அதற்கென ஏற்கெனவே பழக்கப்பட்டிருந்த இசைக்கலைஞர்களைப் பயன்படுத்தியது மிகச் சரியான முடிவு என்பேன்.

மேலும், ஹைட்ரா, ஹெக்லா, ஹெரால்டு என்னும் மூன்று கடல் அளவைக் கப்பல்கள் நோயாளிகளை உருகுவேயின் தலைநகரான மாண்டிவிடியோவுக்கு ஏற்றிச் சென்று, அங்கிருந்து விமானத்தில் தாயகம் அனுப்ப உதவின. நோயாளிகளை இப்படி உடனுக்குடன் அனுப்பினால்தான் கப்பலிலுள்ள சிறிய குழு அடுத்து வருவோரைக் கவனிக்க முடியும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வளைகுடாவுக்குச் சென்ற குழுக்களுக்கு எதிர்பார்த்த அளவு வேலை இருந்ததா?

மறுமொழி 3: ஓய்வுபெற்ற மருத்துவமனை நிர்வாகி

இரசாயனத் தாக்குதல் உட்படப் பெரும் எண்ணிக்கையில் காயமுற்றோர் வரக்கூடும் என்று கணக்கிட்டே ஆள்களை அனுப்பினார்கள். 1991 பிப்ரவரியில் தரைப்போர் சுமார் 100 மணி நேரத்தில் முடிந்தது. அஞ்சிய அளவு காயமுற்றோர் வரவில்லை. பல மாத காத்திருப்பில் அவர்கள் பார்த்தவற்றில் பெரும்பகுதி சாதாரண நோய்களும் விபத்துக் காயங்களுமே. அதற்காக அனுப்பியது தவறு என்று நான் கூற மாட்டேன். அறுவை மருத்துவர் இல்லாத கப்பலுக்கு முதல் ஹெலிகாப்டர் வந்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ஆயினும், தங்கள் கட்டுரையில் எந்தத் துறை வல்லுநர்கள் கப்பலில் காத்திருந்தார்கள், அதே மாதங்களில் அதே துறை நோயாளிகள் கரையில் எவ்வளவு நாள் காத்திருந்தார்கள் என்பதை அருகருகே வைத்து ஆராயுங்கள்.