மறு: பிரேக் பிரஷர் டேங்க் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பிரேக் பிரஷர் டேங்க், அதாவது சரிவில் இறங்கும் குழாயில் நீரின் அழுத்தத்தைக் குறைக்க நடுவில் வைக்கும் தொட்டி, அதற்குத் தமிழ்ச்சொல் தாருங்கள் என்று இங்கே கேள்வியைப் போட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டேன் என்று சிலர் குறைப்பட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். நீங்கள் அனுப்பிய சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எங்கள் குடியிருப்புக்குக் குழாய் வேலை செய்கிறவரிடம் காட்டக் காத்திருந்தேன். மழைக்காலத்தில் அவர் அகப்படுவது எளிதல்ல.

> ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு இத்தனை மடல்களா?

மேல்நிலைத் தொட்டி இல்லை ஐயா. சமவெளியில் தண்ணீருக்கு விசை கிடைப்பதற்காகத் தொட்டியை உயரத்தில் வைக்கிறீர்கள். எங்களுக்கு இருக்கிற விசையைத் தொலைக்க ஒரு தொட்டி வேண்டியிருக்கிறது. கோத்தகிரிச் சரிவில் எங்கள் மேல்தொட்டிக்கும் கடைசி வீட்டுக்கும் நேர் உயரம் 90 மீட்டர். பத்து மீட்டர் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடும். ஆகக் கடைசி வீட்டுக்கு 9 கிலோ. ஒரு வீட்டுக்கு இரண்டு, மூன்று கிலோ தாராளம். இதே நீலகிரியில், பைக்காரா ஆற்று நீரைச் சிங்காரா மின்நிலையத்துக்கு இறக்கியபோது அந்த உயரத்தை வீணாக்காமல் மின்சாரமாக்கினார்கள். நாங்கள் காசு செலவழித்து அதை வீணாக்குகிறோம்!

> ‘ஓட்டக் குறைப்புத் தொட்டி’ எளிமையாக இருக்கிறதே?

எளிமை சரி, பொருள் தவறு. கடைசி வீட்டு வாசல் குழாயில் அழுத்தமானியைத் திருகி வைத்துப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு, எல்லா வீடுகளிலும் குளியல் நடக்கும்போது, முள் 4-இல் நின்றது. இரவு பதினொன்றுக்கு மேல் ஒவ்வொரு வீடாகக் குழாயை மூட மூட முள் ஏறிக்கொண்டே போய் 9-ஐத் தொட்டு அசையாமல் நின்றது. தண்ணீர் ஓடும்போது குழாய்ச் சுவரோடு உரசி அழுத்தத்தில் ஒரு பங்கை இழக்கிறது. நின்றுவிட்டால் இழப்பு இல்லை, முழு உயரமும் கடைசி வாஷர் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் இணைப்புக் குழாய்கள் எங்கள் ஊரில் நள்ளிரவில்தான் வெடிக்கும். காலையில் எழுந்தால் செருப்பு மிதக்கும்.

கேட் வால்வை (குழாயின் குறுக்கே கதவு போல இறங்கும் மூடி) பாதி மூடி வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். பாதி மூடினால் ஓட்டம் குறையும். ஓட்டமே நின்றபின் மூடிக்கு இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றாகிவிடும். எனவே நாம் தேடும் சொல்லில் ‘ஓட்டம்’ வரக்கூடாது.

தொட்டி செய்கிற வேலை வேறு. வழியில் குழாயை வெட்டி, திறந்த தொட்டி ஒன்றில் நீரை விடுகிறோம். உள்ளே ஒரு மிதவை வால்வு, மேலே காற்றுக்குழாய், பக்கத்தில் வழிகுழாய். நீர் காற்றைத் தொட்ட இடத்தில் பழைய கணக்கு முடிந்து அழுத்தம் பூஜ்யமாகிறது. அங்கிருந்து கீழே புதுக்கணக்கு. நடுவில் 45 மீட்டரில் ஒன்று வைத்தால் கடைசி வீட்டுக்கு நாலரை கிலோ. தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் இரண்டு வீட்டார் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று சண்டைக்கு வருவார்கள். அது கலைச்சொல்லால் தீராத சிக்கல்.

> என் பரிந்துரை: அழுத்த முறிவுத் தொட்டி.

அகராதியை வைத்துப் பார்த்தால் குற்றமில்லை. குழாய்க்காரரிடம் படித்துக் காட்டினேன். “எந்தத் தொட்டி முறிந்தது?” என்று கேட்டார். அதோடு அதை அடித்துவிட்டேன்.

‘அழுத்தத் தணிக்கைத் தொட்டி’ என்பதையும் ஏற்க மனமில்லை. தணிக்கை என்றதும் கணக்குப் புத்தகத்தோடு ஓர் அதிகாரி கண்முன் வந்து நிற்கிறார். ‘தணிப்பு’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. ‘இடைத்தொட்டி’ அழகான சொல், ஆனால் அது இருக்கும் இடத்தைச் சொல்கிறது, செய்யும் வேலையைச் சொல்லவில்லை. சேமித்து வைக்கவும் சரிவின் நடுவில் தொட்டி கட்டுகிறோமே.

தாளில் இருந்த எதுவும் பிடிக்காமல் அவர் திருப்பிக் கொடுத்தபோது தன் போக்கில் ஒன்று சொன்னார்: “மேலே இருந்து வரும் தண்ணீர் கனமாக இருக்கும். இங்கே ஒரு தடவை இறக்கி வைத்துத்தான் கீழே கொண்டுபோக வேண்டும்.” தலைச்சுமைக்காரர் சுமைதாங்கிக் கல்லில் இறக்கி வைப்பதைப் போல. நான் பத்து நாளாகத் தேடிய வினை அவர் வாயில் சாதாரணமாக இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: இறக்குதொட்டி.

இதற்கு இணை ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. நீரேற்று நிலையம் என்று பலகை எழுதுகிறோம். ஏற்றுநீர்ப் பாசனம் என்கிறோம். ஏற்று இருந்தால் இறக்கு இருக்கலாம். வினைத்தொகை ஆதலால் ஊறுகாயில் ஒற்று மிகாதது போல இங்கேயும் மிகாது. ‘இறக்குத்தொட்டி’ என்று யாரும் திருத்த வேண்டாம். இறக்குவது எதை என்று சொல்லில் இல்லையே என்பார்கள். இறக்குமதியிலும்தான் இல்லை.

இன்னொரு வசதி. நாம் அழுத்தம் என்பதை இலங்கை நண்பர்கள் அமுக்கம் என்று படித்தவர்கள். இலங்கை மலையகத்தில் பீலித் தண்ணீரை (ஊற்றுநீர்) குழாய்க்கு மாற்றிக் குழாயில் கொண்டுவருபவருக்கும் கோத்தகிரிக்காரருக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் அந்த இரண்டும் இல்லாமல் இருப்பது நல்லது.

> அப்படியானால் பிரஷர் ரெடியூசிங் வால்வு? ‘அழுத்தத் தணிப்பு ஓரதர்’ என்று வைக்கலாமே.

இதில் எனக்கு இரண்டு மறுப்புகள். ஓரதர் என்றால் ஓர் + அதர், ஒரு வழி. கேட் வால்வில் நீர் எந்தப் பக்கமும் போகும். அதை எப்படி ஓரதர் என்பது? அந்தச் சொல்லை ‘நான்-ரிட்டர்ன்’ வால்வுக்கு (நீரை ஒரே பக்கம் மட்டும் விடுவது) மட்டும் கொடுத்துவிடுவோம், அச்சாகப் பொருந்தும். பொதுப்பெயர் வால்வாகவே இருக்கட்டும். குமரி முதல் சென்னை வரை கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு முக்கியமானது. தணிப்பு என்றால் வெந்நீர்க் கொதிகலனில் இருக்கும் ரிலீஃப் வால்வையும் அது குறிக்கும். இரண்டும் எதிரெதிர்ச் சாதனங்கள். ஒன்று நாள் முழுவதும் வேலை செய்து, மேலே எவ்வளவு இருந்தாலும் கீழே 3 கிலோவுக்கு மேல் விடாது. மற்றது மூடியே கிடந்து, ஆபத்து வரும்போது மட்டும் திறந்து நீரை வெளியே தள்ளும். ஒரே பெயர் வைத்தால் யாராவது மாற்றிப் பொருத்திவிடுவார்கள். முதலாவது இறக்குவால்வு. இரண்டாவதற்கு, அணைக்கட்டில் மிகைநீர் போக்கி என்பதால், மிகைபோக்கி என்று வைக்கலாமா?

சனிக்கிழமை தொட்டிச் சுவரில் பெயர் எழுத பெயின்டர் வருகிறார். அதற்குள் கடுமையான மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பி.கு.: குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் ‘டம்’ என்று கேட்கிறதே, வாட்டர் ஹேமர், அதையும் யோசியுங்கள். இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென்று நிறுத்தினால் 12, 13 கிலோ வரை கூடுதலாக எகிறும். ‘நீர்ச்சம்மட்டி’ என்று யாரும் அனுப்பிவிட வேண்டாம். இங்கே ‘குழாய் உதைக்கிறது’ என்கிறார்கள். ‘நீருதை’ என்று எழுதிப் பார்த்தேன். சொல்லும்போது கொஞ்சம் இடறுகிறது.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து